பிலிமில் விழுந்த சுரூபம்

லாயாங் லாயாங்
மலாயா
மார்ச் 1943

சேசு மரி சூசை

என் அன்புத் தம்பி டெஸ்மண்டுக்கு அக்கா டொரத்தி எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே ஏதோ இருக்கிறோம். நீயும் உன் மச்சானும் நலமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டு குடும்பங்களை வெளியே அனுப்பியதிலிருந்து உன் மச்சான் இரண்டே கடிதம்தான் எழுதினார். இரண்டிலும் 'சுகம், பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் பேசுவதே அபூர்வம். உனக்கோ வாய் அடங்காது. அதனால் நீ எழுது.

ஐலீனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை, கிணற்றடி வரைக்கும் நடக்க மாட்டேன் என்கிறாள். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயாசாமி வந்து பார்த்தார். "வெறும் மரவள்ளியே தின்னா கால் வீங்காம என்னாம்மா செய்யும்? பச்சப்பயறு, மீனு, எது கெடச்சாலும் குடுங்க. நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா அப்புறம் என்னைக் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை உன் மச்சானிடம் சொல்லாதே. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். கையில் ஆஸ்பத்திரிப் பட்டை இல்லாமல் ரோட்டில் நடந்தால் பிடித்து சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். நீ பிரதர்மார் பள்ளியைப் பாதியில் விட்டுத் திரிந்தபோது உன்னை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டவர் அவர். அவர் சொல் கேட்டு நட.

ரயில் கார்டு செல்லப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா,
டொரத்தி


காஹாங் ரோட்டு குரூப் ஆஸ்பத்திரி
ஏப்ரல் 2603

அக்காவுக்கு டெஸ்மண்ட் எழுதுறது. இங்க நானும் மச்சானும் நல்லா இருக்கோம். நீங்களும் பாப்பாவும் நல்லா இருக்கணும்.

மொதல்ல 1943னு போடுறத நிறுத்துங்க. எவனாச்சும் புடுங்கிப் பாத்தா செல்லப்பன் அண்ணன் கன்னத்துலதான் விழும். ஜப்பான் கணக்குல இப்ப 2603. ஜப்பான்காரன் புண்ணியத்துல நாம எல்லாம் ஒரே நாள்ல கெழடாயிட்டோம்.

மச்சான்கிட்ட சொல்லாதேன்னீங்க. சொல்லிட்டேன். என் வாய் தெரியும்லா. அவரு கஞ்சித் தட்ட என் பக்கம் தள்ளி வச்சிட்டு எக்ஸ்ரே ரூமுக்குப் போயிட்டாரு.

முன்ன அந்த மிசினு வாரத்துல ஒருநாள் ஓடும். இப்ப காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஓடுது. சிப்பாய், கூலி, வர்ற எல்லா நெஞ்சையும் ஜப்பான் டாக்டரு பாக்கணுமாம். படம் புடிக்க பிலிம் கம்மி. அதனால ஆளை நிறுத்தி, பச்சையா மினுங்குற பலகையில நேராவே பாக்குறான். ஈய அங்கி ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதை அவன் மாட்டிக்கிட்டான். மச்சான் மரத்தடுப்புக்குப் பின்னால நின்னு சுவிச்சு போடுறாரு. தடுப்புக்குள்ள ஈயத்தகடு வச்சிருக்கு, அது போதும்பாரு.

துரை டாக்டர் ஒட்டிட்டுப் போன ரூல் காயிதம் இன்னும் செவுத்துல இருக்கு. தடுப்ப விட்டு வெளிய நிக்காதே. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி ரத்தம் பாரு. மாசா மாசம் தடுப்ப சோதிச்சுப் பாரு. ரத்தம் பாக்க இங்க ஆளே இல்ல. ஆனா மச்சான் மாசச் சோதனையை மட்டும் விடமாட்டேங்குறாரு. துண்டு பிலிம கருப்புக் காயிதத்துல சுத்தி, அது மேல தன் கழுத்துல கெடக்குற அந்தோணியார் பதக்கம், அந்த அலுமினிய சுரூபத்தக் கட்டி, தான் நிக்கிற எடத்துல தொங்கவிடுவாரு. அப்புறம் கழுவிப் பாப்பாரு. பிலிம் வெறுமையா இருந்தா ஈயம் நல்லா தடுக்குதாம். மிசினு ஒளி உள்ள பூந்துட்டா பிலிம் கருத்து, நடுவுல சுரூபம் வெள்ளையா தெரியுமாம்.

"இப்ப யாரு மச்சான் கேக்குறா? துரையே சிங்கப்பூரு ஜெயில்ல கெடக்காரு"ன்னேன்.

"துரைக்காகவா தொங்கவிடுறேன்? பின்னால நிக்கிறது நான்டா"ன்னாரு.

இந்த மனுசன வச்சிக்கிட்டு என்னா செய்றது.

பாப்பாவுக்கு மீனும் பயறும் நான் பாத்துக்குறேன். பொந்தியான்ல என்கூட படிச்ச ராஜசேகரன் இருக்கான். படிச்சான்னா, என்னோட சேந்து பள்ளிக்கூடத்த விட்டு ஓடுனான். அவன் அப்பாவுக்கு மீன் யாவாரம். அவனுக்கு எழுதிட்டேன். கவலைப்படாதீங்க.

டெஸ்மண்ட்


பொந்தியான்
மே 2603

டேய் டெஸ்மண்டு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கேன்னு உன் கோணக் கையெழுத்தப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டேன். பிரதர் அடிச்சும் திருந்தாத கையி.

கருவாடு, பச்சப்பயறு ரெண்டும் இருக்கு. ஆனா சும்மா எடுத்துக் குடுத்தா எங்கப்பா என்னைக் காய வச்சிருவாரு. வாழமரம் போட்ட ஜப்பான் நோட்ட இங்க எவனும் தொடுறதில்ல. கடலோர மலாய்க் கம்பத்து மீன்காரங்களுக்கு வேண்டியது ஈயம். வலைக்கு அடியில கட்டுவாங்கள்ல, அந்த குண்டு. முன்ன சிங்கப்பூர்ல இருந்து வரும். இப்ப கல்லக் கட்டி வீசுறாங்க, கல்லு வலையக் கிழிச்சிடுது. ஈயம் கொண்டாந்தா எங்கப்பா உன்னை மாப்பிள்ளைன்னே கூப்புடுவாரு.

அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில பழைய பைப்பு கிய்ப்பு இருக்காதா? பாரு. கரி லாரி காளியப்பன் கையில குடுத்தனுப்பு. அவரு கையிலயே மாசா மாசம் மீனு வரும்.

பாப்பா கால் வீக்கம் கேட்டு அம்மா அழுதாங்க. சீக்கிரம் அனுப்பு.

ராஜசேகரன்


காஹாங் ரோடு
ஜூலை 2603

ராஜா,

நான் சொகம். உங்கம்மா அப்பா சொகமா?

மூணாவது மூட்டை காளியப்பன் அண்ணன்கிட்ட குடுத்திருக்கேன். இதோட சரி, இனி இல்ல. பைப்புன்னு சொன்னேன்ல, பைப்பு இல்லடா. எக்ஸ்ரே ரூம் மரத்தடுப்புக்குள்ள இருந்த தகடு. மத்தியானம் ஜப்பான் டாக்டரு குறட்டை விடுவான், மச்சான் சாப்புட வந்துடுவாரு. அந்த நேரத்துல தடுப்போட கீழ்க்கட்டைய நெம்பி எடுத்துட்டு, தகரம் வெட்டுற கத்தியால கொஞ்சங் கொஞ்சமா வெட்டி இழுத்தேன்.

பயப்படாத, சும்மா விட்டுடல. எடத்துக்கு எடம் கித்தா ரப்பர் ஷீட்டு சொருகி ரொப்பிட்டேன். ஸ்டோர் நெறைய கித்தா, வாங்க ஆளில்லாம பூஞ்சை புடிச்சிக் கெடக்கு. ஈயத்த விட மூணு மடங்கு கனமா வச்சிருக்கேன். அந்த ஜப்பான் டாக்டரு மாட்டுற அங்கிய நான் தொட்டுப் பாத்திருக்கேன்டா. அதுவே ரப்பர்தான். கரண்டு வேல செய்றவன் ரப்பர் போட்டுக்கலையா? இதுவும் கரண்டுல ஓடுற மிசினுதானே. யோசிச்சுத்தான் செஞ்சேன்.

பிலிம் சோதனை ஒண்ணுதான் ஒதறலா இருந்துச்சு. நல்லவேளை, பிலிம் தீந்துபோச்சுன்னு மச்சானே போன வாரம் சொல்லிட்டாரு. இனி சோதனை கிடையாதாம். சுரூபத்த மறுபடி கழுத்துல போட்டுக்கிட்டாரு.

என்மேல எதுக்கோ கோவமா இருக்காரு. "நாளையிலேர்ந்து நீ எக்ஸ்ரே ரூம கூட்ட வேணாம், நானே கூட்டிக்குறேன்"ன்னுட்டாரு. உள்ள பீடி குடிச்சதக் கண்டுபுடிச்சிருப்பாரு. போவட்டும், வேல மிச்சம்.

மீன நிறுத்திடாதடா. பாப்பா எழுந்து நிக்கிறாளாம்.

டெஸ்மண்ட்


லாயாங் லாயாங்
செப்டம்பர் 2603

சேசு மரி சூசை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். இந்த முறை அதை உண்மையாகவே எழுதுகிறேன்.

ஐலீன் நடக்கிறாள். நேற்று செல்லப்பன் அண்ணனைப் பார்த்து ஸ்டேஷன் வரைக்கும் ஓடினாள். கால் வடிந்துவிட்டது. ஐயாசாமி டிரஸ்ஸர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கெடச்சுச்சு பயறு? எனக்கும் கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

நீ அனுப்பும் கருவாட்டுக்கு அவள் 'மாமா மீனு' என்று பெயர் வைத்திருக்கிறாள். ராத்திரி செபத்தில் அப்பாவுக்கு அடுத்து உன் பெயர்தான். அம்மா பெயர் மூன்றாவது.

இதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது தம்பி? கடன் வாங்குகிறாயா? யாரையாவது ஏமாற்றுகிறாயா? எழுது. எழுத முடியாததாக இருந்தால் எழுதாதே.

மச்சானுக்கும் கொடுத்துச் சாப்பிடு.

உன் அக்கா,
டொரத்தி


காஹாங் ரோடு
நவம்பர் 2603

அக்காவுக்கு,

நாங்க சொகம். நீங்க எல்லாம் சொகமான்னு கேக்குறேன். மழை அதிகம், அதான் எழுத லேட்டு.

மச்சானும் மாமா மீனு சாப்புடுறாரு. முள்ள ஒண்ணொண்ணா எடுத்து வச்சி மெதுவா சாப்புடுவாரு. நல்லா இருக்கும்பாரு. மொத தடவ சாப்புட்டப்ப தட்டப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு.

கொஞ்சம் களைச்சித்தான் போயிருக்காரு. இங்க யாரு களைக்கல? அப்பப்ப காய்ச்சல் வருது. மலேரியாவா இருக்கும்.

நீங்க கேட்டதுக்கு அப்புறம் எழுதுறேன்.

டெஸ்மண்ட்


லாயாங் லாயாங்
ஜூன் 2604

சேசு மரி சூசை

தம்பி டெஸ்மண்டுக்கு அக்கா எழுதிக்கொண்டது. ஐலீனும் நானும் நலம்.

நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஆனால் உன் மச்சானிடமிருந்து மாதம் தவறாமல் வருகிறது. 'அன்புள்ள டொரத்திக்கு ஸ்டானிஸ்லாஸ்' என்று ஆரம்பித்து, 'சுகம், பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்று முடிகிறது. வார்த்தைகள் அவருடையவை. கையெழுத்து உன்னுடையது. உன் கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா? உனக்குப் பலகையில் அனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அவர் கைக்கு என்ன? போன வாரம் செல்லப்பன் அண்ணன் கடிதம் வாங்க வந்தபோது கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் எளைச்சிருக்காரும்மா. பல்லு ஈறுல ரத்தம் வருதுன்னாரு. சட்டையெல்லாம் தொளதொளன்னு இருக்கு" என்றார்.

அக்கா பயந்துவிடுவாள் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து மறைக்கிறீர்கள். மறைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

உன் அக்கா,
டொரத்தி


காஹாங் ரோடு
ஜூலை 2604

ராஜா,

உடம்பு கிடம்பு எல்லாம் அப்புறம் கேக்குறேன். எனக்கு அந்த ஈயம் திரும்ப வேணும். முழுசும். என்னா கேட்டாலும் தர்றேன்.

மச்சானுக்கு ஒடம்பு விட்டுப்போச்சுடா. ஈறுல ரத்தம் நிக்கல. லேசா இடிச்சா கருநீலமா கன்னிப்போவுது. நாலு படி ஏறுனா உக்காந்துடுறாரு. பேனா புடிக்க முடியல, அக்காவுக்கு நான்தான் எழுதுறேன். ஊரே பட்டினியில வெளுத்துக் கெடக்கு, இவரும் அப்புடித்தான்னு நானே எனக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

போன ஞாயித்துக்கெழம சாப்புட உக்காந்தப்ப சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். "மச்சான், அந்த மிசினு ஒளிய ரப்பர் தடுக்குமா?"

அவரு நிமிந்து பாக்கல. "ஈயப்பொடி கலந்த ரப்பர் தடுக்கும். அங்கியில இருக்கே, அது. வெறும் கித்தா தடுக்காது. கண்ணாடி சன்னல் மாதிரிதான்."

அவ்வளவுதான். ஏன்டா கேக்குறேன்னு கேக்கல. கஞ்சியக் குடிச்சாரு.

மறுநாள் இடிஞ்ச கூலி லைன் வீட்டுலேர்ந்து செங்கல் கொண்டாந்து தடுப்போரமா அடுக்க ஆரம்பிச்சேன். செங்கல் தடுக்குமான்னுகூட தெரியல. எதையாச்சும் செய்யணும்ல. மச்சான் உள்ள வந்தாரு. எலி வருது, அதான் அடைக்கிறேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அவரு குனிஞ்சு ஒரு செங்கல்ல எடுத்து என் கையில குடுத்தாரு. அப்புறம் இன்னொண்ணு. மூணாவதுக்கு மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு.

ஐயோ அலமாக், ஒரு அறை விட்டிருந்தா தேவலடா.

அக்கா கடுதாசி வந்து கெடக்கு. நாலு தடவ எழுதி நாலையும் கிழிச்சிட்டேன். ஈயத்த அனுப்பு. ஈயத்த வச்சிட்டு எழுதுறேன்.

டெஸ்மண்ட்


பொந்தியான்
ஆகஸ்ட் 2604

டெஸ்மண்டு,

உன் கடுதாசிய ரெண்டு நாளு சட்டப் பையிலயே வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்.

கம்பத்துக்குப் போனேன். ஈயம் கடல்ல இருக்குடா. பாதி வலை போன மழைக்காலத்துலயே அறுந்து போச்சாம். மீதி வலையில இருக்குற குண்ட கழட்டித் தரச் சொன்னா, எங்க புள்ளைங்க எதைத் திங்கிறதுன்னு கேக்குறாங்க. அதுக்கு நான் என்னா சொல்றது?

கெஞ்சிக் கூத்தாடி கெடச்சது இந்த சின்னப் பை. உருக்கி அடிச்சா ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும். நெஞ்சு ஒசரத்துல வையி.

நான் பைப்புன்னுதான் நெனச்சேன்னு சொல்லித் தப்பிச்சிக்கலாம்னு பாத்தேன். முடியாது. நீதான் போன வருசமே முழுசா எழுதிட்டியே. படிச்சேன். படிச்சிட்டு மூணாவது மூட்டைய எறக்கி எடைபோட்டேன்.

மீனு அனுப்பியிருக்கேன். வேணாம்னா தூக்கிப் போட்டுரு.

ராஜசேகரன்


லாயாங் லாயாங்
மார்ச் 2605

சேசு மரி சூசை

அன்புள்ள டெஸ்மண்டுக்கு ஸ்டானிஸ்லாஸ். என் கை பேனாவைப் பிடிப்பதில்லை. இவ்வளவு நாள் எனக்காக நீ உன் அக்காவுக்கு எழுதினாய். இப்போது நான் சொல்லச் சொல்ல அக்கா உனக்கு எழுதுகிறாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எங்காவது ரத்தம் பார்க்க முடிந்தால் பார்த்துக்கொள். வேலைக்கு ஆகமாட்டேன் என்று என்னை இங்கே அனுப்பியது ஒரு வகையில் நல்லதாகிவிட்டது. ஐலீன் ஓடுவதைப் பார்க்கிறேன்.

பிலிம் தீர்ந்துவிட்டது என்று நான் உன்னிடம் சொன்னது பொய். பெட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அந்த மாதம் கழுவிய துண்டில் அந்தோணியார் கையில் குழந்தை சேசுவோடு தெளிவாக நின்றார். தடுப்பைச் சுற்றிப் பார்த்தேன். கீழ்க்கட்டையில் புது ஆணி. கட்டில் பழுதுபார்க்க ஸ்டோரிலிருந்து புது ஆணி வாங்கியவன் நீ ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் உன்னைக் கேட்கத்தான் வந்தேன். நீ குசினியில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "மச்சான், பாப்பா எழுந்து நிக்கிறாளாம். செல்லப்பன் அண்ணன் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு" என்றாய். உன் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். கிணற்றடியில் நின்றாள். நான் காத்திருந்தேன். இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மேலே சொல்லியிருந்தால் ஜப்பான் ராணுவப் போலீஸ் கெம்பெத்தாய் உன்னைக் கொண்டுபோயிருக்கும். உன்னைக் கேட்டிருந்தால் மீன் நின்றிருக்கும். இப்படிச் சொல்லி என்னை நல்லவனாக்கிக்கொள்ளலாம். ஆனால் வேறொன்றும் இருந்தது. வெட்கம். அந்த அறைக்குப் பொறுப்பாளி நான். என் வீட்டு ஆளே தகட்டை எடுத்தான் என்று வெளியே தெரிவதைவிட அந்தத் தடுப்பின் பின்னால் நிற்பது சுலபமாக இருந்தது. உன்னை உள்ளே வராமல் தடுத்தேன். அது மட்டும்தான் அந்த அறையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம்.

படுத்துக்கொண்டே அந்த ரூல் காகிதத்தை நினைத்துப் பார்க்கிறேன். மாதா மாதம் சோதி என்று இருந்தது. சோதித்தேன். தெரிந்தது. மறைத்தேன். உள்ளே நிற்பவனிடமே சோதிக்கிற வேலையையும் கொடுத்ததுதான் அதில் உள்ள குறை. அந்தக் கருவாட்டில் பங்கில்லாத ஒருவன் வெளியிலிருந்து வந்து என் பிலிமைக் கேட்டிருக்க வேண்டும். துரை போன பிறகு கேட்க யாரும் இல்லை.

நீ அடுக்கிய செங்கல்லை எடுத்துவிடாதே. அடுத்து நிற்பவனுக்கு உதவும்.

ஸ்டானிஸ்லாஸ்

மேலே உள்ளது அவர் சொன்னது. எழுதியது டொரத்தி.


காஹாங் ரோடு
நவம்பர் 1945

அக்காவுக்கு டெஸ்மண்ட் எழுதுறது. நீங்களும் பாப்பாவும் சொகமா இருக்கணும்.

இது நான் எழுதுற நாலாவது கடுதாசி. பதில் வராதுன்னு தெரியும். பதில் வாங்குற மூஞ்சி எனக்கு இல்ல. மே மாசம் மச்சான் போன சேதிய செல்லப்பன் அண்ணன் சொன்னப்ப லாயாங் லாயாங்குக்கு ரயில் ஏறுனேன். ஸ்டேஷன்ல எறங்கி பெஞ்சிலயே உக்காந்திருந்தேன். கோயில் மணி அடிச்சுது. அடுத்த ரயில்ல திரும்பிட்டேன். இதை இப்பத்தான் உங்களுக்கு சொல்றேன்.

இப்ப எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளக்காரன் திரும்பி வந்துட்டான். மிலிட்டரி டாக்டர் ஒருத்தர் ஊர் ஊரா போயி எக்ஸ்ரே ரூம பாத்துக்கிட்டு வர்றாரு. எந்த மிசினு எப்படி இருக்கு, யாரு பின்னால நின்னா, என்னா ஆனாங்கன்னு கேட்டு எழுதிக்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு ரூல் இருக்குறது போதாது, மலாயா பூரா ஒரே சட்டமா கொண்டாரணும்னு மேல சொல்லப் போறாராம்.

போன வாரம் இங்க வந்தாரு. தடுப்பத் தட்டிப் பாத்தாரு. பலகைய நெம்பச் சொன்னாரு. கித்தா ஷீட்டு எறங்கி விழுந்துச்சு, நடுவுல நான் அடிச்சு வச்ச தட்டு அகலத் தகடு. "இது என்ன?"ன்னாரு. ஆபீஸ் கணக்கெழுதுற கிராணி தங்கராஜு டக்குனு, "ஜப்பான்காரன் ஈயத்த உருவிட்டான் சார்"ன்னாரு. டாக்டர் என்னைப் பாத்தாரு.

நான் தலைய ஆட்டுனேன் அக்கா. ஆமான்னு ஆட்டுனேன். அவரு எழுதிக்கிட்டாரு.

வெள்ளக்காரனுக்கும் அது பிடிச்சிருக்கு. ஜப்பான்காரன் எடுத்தான்னா, ஜப்பான்காரன் போயிட்டான், பிரச்சனை முடிஞ்சுச்சு. புது ஈயம் வச்சா சரி, பழைய ரூல்ல ஒண்ணும் மாத்த வேணாம். ஆனா எடுத்தது உள்ள இருந்த ஆளு. பாத்ததும் உள்ள இருந்த ஆளு. மச்சான் கடைசியா எழுதுனதத்தான் அந்த டாக்டர் எழுதிக்கணும். வெளியாளு வந்து சோதிக்கணும். தன் கையால தொங்கவிட்டு, தன் கையால கழுவிப் பாக்கணும்.

என் பேர சொல்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஜெயிலுன்னா ஜெயிலு. ஆனா என்னைச் சொன்னா மச்சானுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னும் சொல்லணும். சொல்லாம விட்டா அந்த சட்டத்துக்கு அர்த்தமே இல்ல. சொன்னா, செத்த மனுசன் பேரு ஒரு காயிதத்துல வரும், தெரிஞ்சும் மறைச்சாருன்னு. உங்க பேரும் பாப்பா பேரும் கூடவே வரும்.

அவரு கிறிஸ்மசுக்கு அப்புறம் மறுபடி வர்றாரு. நீங்க வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். மொத தடவையா நீங்க சொல்றத கேக்குறேன்.

டெஸ்மண்ட்


லாயாங் லாயாங்
டிசம்பர் 1945

சேசு மரி சூசை

டெஸ்மண்டுக்கு,

ஐலீன் நலம். நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இத்தனை மாதம் கேட்காமல் இருந்தேன்.

நீ ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு வந்த செல்லப்பன் அண்ணன் சொன்னார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அனுப்பவில்லை.

உன் மீன் எங்கேயிருந்து வருகிறது என்று நான் ஒரு முறைதான் கேட்டேன். எழுத முடியாததாக இருந்தால் எழுதாதே என்று நானே சேர்த்து எழுதினேன். நீ பதில் எழுதாதபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த மாதமும் சட்டியை அடுப்பில் வைத்தேன். அவர் சொன்னதைக் கையால் எழுதியபோதுதான் என் பங்கும் எனக்குத் தெரிந்தது. பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. உன்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டேன். பாதிதான் கோபம்.

அவருடைய செபப் புத்தகத்தில் அந்தப் பிலிம் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். சுரூபம் ஐலீன் கழுத்தில் இருக்கிறது. அதைத் தரமாட்டேன். அதன் நிழலைக் கொண்டுபோய் அந்த டாக்டரிடம் காட்டு. எல்லாவற்றையும் சொல். அவர் பெயரையும் சொல். அவர் தன் வாயால் என்னை எழுதச் சொன்னார், அதைக் கிணற்றடிக்குப் போனபோதே கிழித்துப் போட்டிருக்கலாம். நான் திரும்பி வந்து எழுதி முடித்தேன். எதற்காக என்று நினைக்கிறாய்?

சயாமிலிருந்து திரும்பி வந்த ஆள் ஒருவன், எஸ்டேட் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மிஷின் பக்கத்தில் நிற்கும் வேலை கிடைக்குமா என்று ஐயாசாமி டிரஸ்ஸரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். இளைஞன். பிள்ளையைத் தோளில் வைத்திருந்தான். அவன் பின்னால் நிற்கப்போகிற தடுப்பில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

சொல்லி முடித்துவிட்டு வா. உள்ளே போட்டுவிட்டார்களானால் வெளியே வந்தபிறகு வா. ஸ்டேஷனில் உட்காராதே. ஐலீன் உன்னை இன்னும் செபத்தில் சொல்கிறாள், நான் நிறுத்தச் சொல்லவில்லை. வரும்போது சாப்பிட எதுவும் கொண்டு வராதே.

உன் அக்கா,
டொரத்தி